காற்றழுத்தத் திருத்தம்

வியன்னாவிலிருந்து வந்த கடிதம்
மிக மரியாதையாக என்னை வேண்டாம் என்றது.
இம்முறை விண்ணப்பங்கள் அதிகமாம்.
அடுத்த சுற்றுக்கு நல்வாழ்த்தாம்.
பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்புவேன் என்று
ஏழாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.
போகாமலே காப்பாற்றிய வாக்கு.

அதே முத்திரையோடு இன்னொரு கடிதம்
அதே வாரம் பார்வே மேடத்தின் மேசைக்கு வந்தது.
மங்கோலியாவிலிருந்து ஒரு கதிர்வீச்சு இயற்பியலாளர்,
வயது இருபத்தாறு,
ஆறு மாதம் நம்மிடம் பயில வருகிறார்.
மங்கை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓயுன்சிமெக் ஜூலையில் வந்து இறங்கினாள்.
அவள் ஊரில் ஓராண்டுக்குப் பெய்வது
இங்கே ஒரே மதியத்தில் பெய்தது.
மான்கூர்திலிருந்து குர்லா,
குர்லாவில் மாறி பரேல்.
குடைத்துணியை ரயில் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுக்
கம்பியோடு மட்டும் வந்து சேர்ந்தாள்.
சட்டையில் கதிரளவு காட்டும் பேட்ஜ்.
இதை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைக்கணும்,
ரயிலுக்குப் போட்டுப் போகக் கூடாது என்றேன்.
நெரிசலை அளக்காதா, என்று கேட்டாள்.
என் பொறாமை அன்று
ஒரு விழுக்காடு குறைந்தது.

ஒரு விழுக்காடு என்பது எங்களுக்குப் பழகிய கணக்கு.
மூலையறைக் கோபால்ட் மாதத்துக்கு அவ்வளவு தளரும்.
முதல் தேதிதோறும்
நோயாளி படுத்திருக்க வேண்டிய நேரத்தைச்
சற்றே கூட்டி எழுதிச் சுவரில் ஒட்டுவோம்.
உங்கள் கோபால்ட்டுக்கு என்ன வயது?
பத்தரை.
இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம்,
வாய்விட்டுச் சொல்லவில்லை.
அரை ஆயுள் இரண்டு முறை கழிந்துவிட்டது.
இரண்டு நிமிடம் எட்டாகிவிட்டது.
எட்டு நிமிடம்,
தொண்டையில் கட்டியோடு,
எச்சில்கூட விழுங்காமல்.

ஆகஸ்டில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம்.
உடம்புக்குப் பதில் தண்ணீர்,
உடம்பிலும் அதுதானே அதிகம்.
ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அயனி அறையை இறக்கு,
வெப்பம் பார், அழுத்தம் பார்,
அறைக்குள் இருப்பது ஊர்க்காற்று,
ஊர் மாறினால் கணக்கு மாறும்.
கடலோரம் வேலை பார்ப்பவர்களுக்கு
திருத்தம் எப்போதும் ஒன்றை ஒட்டித்தான்.
நான் சில காலைகளில்
முதலில் ஒன்று என்று எழுதிவிட்டு
அப்புறம்தான் அழுத்தமானியைப் பார்த்திருக்கிறேன்.

அவள் பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்:
எங்கள் ஊர், ஒன்று புள்ளி ஒன்று ஆறு.
ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம், மெலிந்த காற்று.
இதை மறந்தால் அங்கே ஒருவருக்கு
ஆறில் ஒரு பங்கு கூடுதலாய்ச் சுடும்.
பரீட்சையில் நான் எழுதிய பதில்தான் அது.
என்றாலும் சூத்திரத்தில்
அழுத்தத்துக்கென்று விட்ட இடத்தில்
யாரோ கதவைத் திறந்து
குளிரை உள்ளே விட்டதுபோல் இருந்தது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து
மைக்கில் நாள் முழுக்க நான் சொல்வது
ஹலூ நகா, ஹலூ நகா.
அசையாதீங்க என்று மராத்தியில்.
செப்டம்பருக்குள் என்னைவிட மெதுவாக,
என்னைவிட நன்றாகச் சொன்னாள்.
சாங்லியிலிருந்து வந்த பெண் ஒருத்தி
இந்தப் பொண்ணு கோலாப்பூர் பக்கமா என்று விசாரித்தாள்.

டிசம்பர் கடைசியில் போனாள்,
பெட்டியில் இரண்டு கணக்கு நோட்டு,
அரைக்கிலோ பூண்டுச் சட்னிப் பொடி.
என்னிடம் விட்டுப்போனது அந்தக் குடைக்கம்பி.

பிப்ரவரியில் ஒரு குரல்பதிவு.
எட்டு இப்போது எட்டரை ஆகிவிட்டது.
புது கோபால்ட் வரும் என்கிறார்கள்,
எப்போது என்று கேட்கக் கூடாது.
முதல் நோயாளி குதிரை வளர்ப்பவள்.
மைக்கை அழுத்தியதும் வாயில் வந்தது ஹலூ நகா.
கதவு திறந்ததும் அவள் கேட்டாளாம்,
அது என்ன மந்திரம் என்று.
எட்டரை நிமிடமும் அசையவே இல்லையாம்.

அடுத்த சுற்றுக்கான விண்ணப்பம் திரையில் கிடக்கிறது.
முன்பு பெற்ற பன்னாட்டுப் பயிற்சி என்ற கட்டத்தில்
ஆறு மாதம், பரேல் என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

இன்று முதல் தேதி.
தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.
அழுத்தமானி ஆயிரத்துப் பதினொன்று காட்டுகிறது.
பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.